புதிய மனிதனும் நித்திய வாழ்வும்: குமரி மாவட்டச் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலுக்கு மேற்கே உள்ள தென்னிந்தியத் திருச்சபை ஒன்றில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஆராதனை முடிந்தபின் கூடும் பெரியவர்களின் வேதபாட வகுப்புக்கும் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். திடப்படுத்தல் வகுப்பில் உட்காரும் பிள்ளையும், துக்க வீட்டுப் பந்தலில் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு தணிந்த குரலில் பேசும் முதியவரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மேற்கோள் வசனங்கள் நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. கத்தோலிக்கச் சகோதரர்களோடு நாம் வேறுபடும் இடம் வரும்போது அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

பரலோகம் எங்கே இருக்கிறது? மேகத்துக்கு மேலேயா?

நாம் ஜெபிக்கும்போது மேலே பார்ப்பது வழக்கம். வேதமும் அப்படியே பேசுகிறது. ஆனால், உயரே போகப் போக வந்துவிடும் ஓர் இடமாக வேதம் பரலோகத்தைக் காட்டவில்லை. தேவன் இருக்கும் இடம், அவருடைய சித்தம் தடையின்றி நடக்கும் இடம் அது. "உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக" என்று ஒவ்வொரு நாளும் நாம் கேட்பது அதனால்தான்.

பலர் கவனிக்காமல் விடுவது வேதத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களை. அங்கே மனிதர்கள் பூமியை விட்டு மேலே ஏறிப் போவதோடு காரியம் முடிவதில்லை. புதிய எருசலேம் தேவனிடத்திலிருந்து இறங்கி வருகிறது. "இதோ, மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது" என்ற சத்தம் கேட்கிறது. ஆத்துமா மட்டும் தப்பித்துப் போவது நம் நம்பிக்கையில் பாதிகூட இல்லை. புதிய வானம், புதிய பூமி, உயிர்த்தெழுந்த சரீரம், நடுவே தேவன் ஆகிய யாவும் சேர்ந்ததே முழு நம்பிக்கை.

நித்திய ஜீவன் என்பது செத்த பிறகு கிடைப்பதுதானே?

இல்லை. "என்னை அனுப்பினவரை விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் உண்டு, அவன்… மரணத்தைவிட்டு நீங்கி, ஜீவனுக்குட்பட்டிருக்கிறான்" என்கிறார் ஆண்டவர் (யோவான் 5:24). இனிமேல் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை; உண்டு என்கிறார். அது என்ன என்பதையும் அவரே ஜெபத்தில் சொல்லிவிட்டார்: "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்" (யோவான் 17:3).

ஆகவே முடிவில்லாத காலம் என்பது அந்த ஜீவனின் ஒரு தன்மை மட்டுமே. அதன் உள்ளடக்கம் ஓர் உறவு. அந்த உறவு இன்றே தொடங்கலாம், மரணம் அதை அறுக்க முடியாது என்பதைத்தான் கீழே பல பதில்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறோம்.

"புதுச்சிருஷ்டி" என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். ஞானஸ்நானம் எடுத்த மறுநாளும் நான் அதே கோபக்காரன்தானே?

"ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான்; பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் (2 கொரிந்தியர் 5:17). எழுதப்பட்டவர்களின் நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். வழக்கு மன்றத்துக்குப் போய்ச் சண்டையிட்டவர்கள், கட்சி கட்டியவர்கள், திருவிருந்தில் ஏழைகளைப் பசியோடு விட்டவர்கள். அவர்களுடைய குணம் முழுவதும் மாறிவிட்டது என்று கண்டு அவர் அதை எழுதவில்லை. அவர்கள் யாருக்குரியவர்கள் என்பது மாறிவிட்டதால் எழுதினார்.

புதிய அடையாளம் முதலில் தேவனுடைய தீர்மானத்தில் நிகழ்கிறது. பிறகு நம் நாக்கிலும் கையிலும் பணப்பையிலும் மெல்ல மெல்லப் பரவுகிறது. அதனால்தான் அதே பவுல், மோசம்போக்கும் இச்சைகளாலே கெட்டுப்போகிற பழைய மனுஷனைக் களைந்துபோட்டு, புதிய மனுஷனைத் தரித்துக்கொள்ளும்படி எபேசியருக்குக் கட்டளையும் இடுகிறார். உங்கள் கோபம் உங்களை வருத்துகிறது என்றால், அந்த வருத்தமே புதிய மனிதன் உயிரோடிருப்பதற்கான அடையாளம் என்று நான் நம்புகிறேன். கோபத்தை நியாயப்படுத்தத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

கிறிஸ்தவனானால் பெயரை மாற்ற வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனாலும் நம் மாவட்டத்தின் கிறிஸ்தவ வரலாற்றில் பெயர் மாற்றத்துக்கு ஓர் ஆழமான இடம் உண்டு. சிதம்பரத்துக்கு யாத்திரை போன மயிலாடி மகாராசன், தஞ்சாவூரில் நற்செய்தியைக் கேட்டு, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். அவர் வரவேற்றதால்தான் 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனெரிப் போதகர் மயிலாடிக்கு வந்தார். அவருக்கு முன்பே, நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டபிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபை 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட்டு, தேவசகாயம் என்றே அழைத்தது. அது சரியான செயல் என்பது என் எண்ணம். ஞானஸ்நானத்தில் அவர் பெற்றுக்கொண்ட பெயர் அதுதான்.

மாற்றப்படாத பெயரோடு பரிசுத்தமாக வாழ்ந்தவர்களும் ஏராளம். ஜெயங்கொள்ளுகிறவனுக்கு வெண்மையான குறிக்கல்லின்மேல் எழுதப்பட்ட புதிய நாமத்தைத் தருவேன் என்று ஆண்டவர் வாக்குக் கொடுக்கிறார். அதைப் பெறுகிறவனே அன்றி வேறொருவனும் அறியாத நாமம் அது (வெளிப்படுத்தின விசேஷம் 2:17). ஆதார் அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும், நம்முடைய கடைசிப் பெயரை அவர் வைக்கப்போகிறார்.

கிறிஸ்துவுக்குள் ஜாதி இல்லை என்கிறீர்கள். பெண் பார்க்கும்போது மட்டும் ஜாதி பார்க்கிறீர்களே, இதுவா புது அடையாளம்?

இந்தக் கேள்விக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. "உங்களில் கிறிஸ்துவுக்குள்ளாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனைபேரோ, அத்தனைபேரும் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டீர்களே. யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்பது கலாத்தியர் நிருபம் (3:27, 28). பரலோகத்தில்தான் அது நிறைவேறும், இங்கே நடைமுறை வேறு என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. பவுல் அதை எழுதியது பூமியில் ஒரே பந்தியில் உட்கார மறுத்தவர்களைப் பற்றிய நிருபத்தில். ஆகவே அந்த விளக்கம் நிற்காது.

இந்த வசனத்தின் கனம் நம் பாட்டிமார்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. திருவிதாங்கூர் ஆட்சியில் நம் முன்னோரான பெண்கள் மார்பை மறைப்பது குற்றமாகக் கருதப்பட்டது. நற்செய்தியை ஏற்ற பெண்கள் குப்பாயம் என்னும் மேல்சட்டை அணிந்தார்கள். சந்தையிலும் வழியிலும் அவர்கள் துணி கிழிக்கப்பட்டது. ஆலயங்களும் பள்ளிகளும் தாக்கப்பட்டன. 1820களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 ஜூலை 26 அரசு அறிவிப்பு வரை நீண்டது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டவள் அவமானத்தைத் தரிக்க வேண்டியதில்லை என்று அந்தப் பெண்கள் உடம்பினால் அறிக்கை செய்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம், நமக்குக் கீழே என்று சிலரை வைத்து வரன் பார்ப்பது அந்த அறிக்கையை மறுதலிப்பதாகும்.

பரலோகத்தைப் பற்றிய யோவானின் தரிசனத்தில் "சகல ஜாதிகளிலும் கோத்திரங்களிலும் ஜனங்களிலும் பாஷைக்காரரிலுமிருந்து" வந்த திரளான கூட்டம் நிற்கிறது (வெளிப்படுத்தின விசேஷம் 7:9; இங்கே ஜாதிகள் என்பது தேசத்தாரைக் குறிக்கும்). அவர்களுடைய மொழியும் பிறப்பிடமும் அழிக்கப்படவில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த உயர்வு தாழ்வு அழிந்திருக்கிறது. தமிழ் பேசுவதும் குமரி மண்ணில் பிறந்ததும் அங்கே மகிழ்ச்சியாக நினைவுகூரப்படலாம். மேட்டிமை மட்டும் வாசலைக் கடக்காது.

நல்லவராக வாழ்ந்தால் போதாதா? வாழ்நாள் முழுவதும் அயோக்கியத்தனம் செய்துவிட்டுக் கடைசியில் மனந்திரும்பினவனுக்கும் பரலோகமா?

ஆம், அவனுக்கும் உண்டு. இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு நல்ல செயல் செய்ய ஒரு நாள்கூட மீதி இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குக் கிடைத்தது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்ற வசனம் நல்லவரையும் கெட்டவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. இதில் மனம் புண்படுகிறது என்றால், நாம் நம்முடைய நன்மைகளைக் கணக்கு வைத்திருக்கிறோம் என்று பொருள்.

கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிடுகிறவருக்கு ஒன்று சொல்வேன். மேலே இரண்டாவது கேள்வியில் பார்த்தபடி நித்திய ஜீவன் இன்றே தொடங்கும் உறவு. அதைத் தள்ளிப்போடுகிறவர் தம் வாழ்நாளையே இழக்கிறார்.

இறந்தவுடன் பரலோகம் போகிறோமா, கடைசி நாள்வரை கல்லறையில் உறங்குகிறோமா? சுவரொட்டியில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று போடுகிறோமே?

வேதம் இரண்டையும் சொல்கிறது, இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. "தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு" என்று பவுல் சொல்லும்போது, பிரிந்த உடனே கிறிஸ்துவோடு இருப்பதை எதிர்பார்க்கிறார். கள்ளனுக்குச் சொல்லப்பட்ட "இன்றைக்கு" என்பதும் அதுவே. அதே பவுல், கர்த்தர் வரும் நாளில் மரித்தோர் எழுந்திருப்பதைத்தான் முடிவான நம்பிக்கையாக வைக்கிறார். நித்திரை என்பது, விழிப்பு நிச்சயம் என்பதால் மரணத்துக்கு முதல் கிறிஸ்தவர்கள் வைத்த பெயர்.

ஆகவே கர்த்தருக்குள் இறந்தவர்கள் இப்போது அவரோடு இளைப்பாறுகிறார்கள். ஆனால் அவர்களும் காத்திருக்கிறார்கள். உயிர்த்தெழுதல் வரும்வரை அவர்களுடைய ஆனந்தமும் முழுமையடையவில்லை. ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைகளுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றும் நம் வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அந்தக் கல்லறைகளுக்கும் அந்த நாளுக்கும் உள்ள தொடர்பை அதைவிடத் தெளிவாகப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது.

கத்தோலிக்கர் நவம்பர் 2 அன்று இறந்தவர்களுக்காகப் பூசை வைக்கிறார்களே, நாம் ஏன் வைப்பதில்லை?

கிருபையில் இறந்தும் முழுமையாகச் சுத்திகரிக்கப்படாதவர்கள் உத்தரிப்பு நிலையைக் கடந்தே தேவனைக் காண்பார்கள், நம் ஜெபம் அவர்களுக்கு உதவும் என்பது கத்தோலிக்கரின் போதனை. கிறிஸ்துவின் பலி ஒரே தரம் எல்லாவற்றையும் முடித்துவிட்டது, மேலும் சுத்திகரிப்பு தேவையில்லை என்பது சீர்திருத்தச் சபைகளின் போதனை. நானும் அதையே நம்புகிறேன். நாம் இறந்தவர்களுக்காக நன்றி செலுத்துகிறோம், அவர்கள் குடும்பத்துக்காக ஜெபிக்கிறோம். உறவினர் வீட்டில் பூசைக்கு அழைத்தால் மரியாதையோடு போய் உட்காருங்கள். அன்புதான் அவர்களை அங்கே கூட்டியிருக்கிறது.

ஒக்கிப் புயலில் போன எங்கள் அண்ணனின் உடல் கிடைக்கவே இல்லை. அடக்கம் செய்யாதவர் எப்படி எழுந்திருப்பார்?

இந்தக் கேள்வியைக் கடற்கரை ஊர்களிலிருந்து பலர் கேட்டிருக்கிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அதற்கு முன், 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் ஆழிப்பேரலை வந்தபோது, பெயர் கேட்டு ஒவ்வொருவராக அடக்கம் செய்ய நேரமில்லாமல் பலர் ஒரே குழியில் வைக்கப்பட்டார்கள்.

வேதம் இதைப் பேசாமல் விடவில்லை. "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்று கடைசி நாளைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது (வெளிப்படுத்தின விசேஷம் 20:13). நிலத்தில் புதைக்கப்பட்டவர்களுக்கு முன்பாகவே கடலில் போனவர்கள் அங்கே குறிப்பிடப்படுகிறார்கள். கி.பி. 177இல் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், அவர்கள் உயிர்த்தெழக் கூடாது என்றே உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். திருச்சபை அதைக் கேட்டுத் தன் அறிக்கையிலிருந்து "சரீர உயிர்த்தெழுதலை" எடுத்துவிடவில்லை. மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கினவருக்கு எலும்பு இருந்தால்தான் முடியும் என்பதில்லை. உடலை எரிப்பவர்கள் கேட்கும் கேள்விக்கும் இதுவே பதில்.

நம் சபைகளுக்கு நற்செய்தி கொண்டுவந்த ரிங்கல்தௌபே 1816இல் உடல் நலிந்து இங்கிருந்து புறப்பட்டார். அதன்பின் எங்கே இறந்தார், எங்கே கிடத்தப்பட்டார் என்பதற்குக் கல்லறை சாட்சியே இல்லை. அவரால் விசுவாசத்துக்கு வந்த குடும்பங்களின் கல்லறைகள் நம் தோப்புகளிலும் வீட்டு வளாகங்களிலும் வெள்ளையடித்து நிற்கின்றன. அவரையும் அவர்களையும் எழுப்பப்போவது ஒரே எக்காளந்தான். உங்கள் அண்ணன் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அவருடைய ஆண்டவருக்குத் தெரியும்.

எழுந்திருக்கும்போது எந்த உடல்? பிறவியிலேயே கால் நடக்காத என் தங்கச்சிக்கு அங்கே என்ன உடல்?

இதே கேள்வியைக் கொரிந்துவிலும் கேட்டார்கள். பவுல் விதையைக் காட்டினார். நமக்குப் பனை தெரியும். மண்ணில் புதைக்கும் பனங்கொட்டையைக் கையில் வைத்துப் பார்த்து அறுபது அடிப் பனையை யாரும் ஊகிக்க முடியாது. ஆனாலும் அந்தக் கொட்டையிலிருந்து வருவது அந்தப் பனைதான், வேறு மரமல்ல. "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்" என்று அவர் சொல்வதில் தொடர்ச்சியும் மாற்றமும் சேர்ந்தே இருக்கின்றன.

உங்கள் தங்கச்சி நடப்பாள் என்று நம்புகிறேன். அதோடு இன்னொன்றும் உண்டு. உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணிக் காயங்கள் இருந்தன; அவை வலிக்கவில்லை, அவருடைய மகிமையின் பகுதியாயின. ஊனமுள்ளவரை இன்று குறைந்தவராக நடத்திவிட்டு, அங்கே சரியாகிவிடும் என்று ஆறுதல் சொல்வதை நான் ஏற்பதில்லை. அவளுடைய அடையாளம் இப்போதே தேவனுடைய பிள்ளை என்பதுதான்; அவள் உட்காரும் சக்கர நாற்காலி ஏற ஆலயத்தில் சாய்தளம் கட்டுவது அந்த நம்பிக்கைக்கு உரிய மரியாதை.

அங்கே நம் ஆட்களை அடையாளம் தெரியுமா? என் கணவர் இறந்தபின் மறுமணம் செய்துகொண்டேன். அங்கே நான் யாருடைய மனைவி?

அடையாளம் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் தோட்டக்காரர் என்று எண்ணினாள். "மரியாளே" என்று அழைத்தவுடன் தெரிந்துகொண்டாள். திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுவைத்து அவர் சீஷர்களைச் சாப்பிட அழைத்தபோது, நீர் யார் என்று கேட்க யாரும் துணியவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வியை, உயிர்த்தெழுதல் இல்லை என்ற யூதப் பிரிவினரான சதுசேயர் அவரைச் சிக்கவைக்கக் கேட்டார்கள். நீங்கள் மனப்பாரத்தோடு கேட்கிறீர்கள். "உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை" என்பது அவருடைய பதில். அன்பு அழிந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. ஒருவருக்கு மட்டும் என்று வேலியிட வேண்டிய தேவை அங்கே இல்லாமல் போகும். இருவரையும் நேசித்ததற்காக நீங்கள் அங்கே யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

"சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று இருக்கிறதே. கடல்புரத்தில் பிறந்த எங்களுக்குக் கடல் இல்லாத இடம் எப்படிப் பரலோகம்?

முட்டத்துக்காரர் ஒருவர் இதைக் கேட்டார். எனக்குப் பிடித்த கேள்வி. யோவான் பத்மு தீவில் சிறைப்பட்டிருந்தவர். அவருடைய வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகம் கடலிலிருந்து எழும்புகிறது. கடல் மரித்தோரை வைத்திருக்கிறது. அவரைத் தம் சபைகளிடமிருந்து பிரித்ததும் கடல்தான். அழிவும் பிரிவும் இல்லாமற்போவதை அவர் அப்படிச் சொல்கிறார் என்பது பல வேத அறிஞர்களின் விளக்கம். நானும் அப்படியே வாசிக்கிறேன். கணவர் திரும்பும்வரை கரையில் காத்து நின்ற பெண்களுக்கு இந்த வசனத்தை விளக்கவே தேவையிராது.

தேவன் படைத்து நல்லது என்று கண்ட கடலையும் மீனையும் அவர் வெறுத்து ஒதுக்குவார் என்று எண்ண வேண்டியதில்லை.

எங்கள் அம்மைக்கு மறதி நோய். என்னையும் தெரியவில்லை, இயேசு யார் என்றாலும் விழிக்கிறாள். அவளுடைய இரட்சிப்பு என்ன ஆகும்?

இதைக் கேட்ட மகன் இன்னொன்றும் சொன்னார்: மாலையில் குடும்ப ஜெபத்துக்கு எல்லோரும் உட்கார்ந்தவுடன், அது யார் வீடு என்றே தெரியாத அந்தத் தாய் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்கிறார். அதை அவருடைய விசுவாசத்தின் மிச்சம் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. நாளை அந்தப் பழக்கமும் மறந்துபோனால்கூட, இரட்சிப்பு அவருடைய நினைவில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

தேவனை அறிவதே நித்திய ஜீவன் என்று மேலே பார்த்தோம். அறிவு போய்விட்டால் ஜீவனும் போய்விடுமா என்ற அச்சம் அங்கிருந்துதான் வருகிறது. பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, "இப்பொழுது தேவனை அறிந்திருக்க" என்று தொடங்கி, உடனே "அல்லது தேவனாலே அறியப்பட்டிருக்க" என்று திருத்திச் சொல்கிறார் (4:9). நம்முடைய அறிவைவிட முந்தியது அவர் நம்மை அறிந்திருப்பது. "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை. இதோ, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்" என்று ஏசாயாவில் அவர் சொல்வது, மறக்கும் தாயைப் பற்றிப் பேசும் இடத்திலேயே வருகிறது (49:15, 16). தாம் யார் என்பதை உங்கள் அம்மையே மறந்துவிட்டார். அவருக்காக அதை ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார். புதிய அடையாளம் என்ற போதனை முழுவதற்கும் இதுதான் நடுமையம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே எங்கள் குழந்தை இறந்துவிட்டது.

குழந்தையைக் கர்த்தரிடம் விட்டு நிம்மதியாயிருங்கள். "தேவனுடைய ராஜ்யம் அப்படிப்பட்டவர்களுடையது" என்று பிள்ளைகளைக் குறித்துச் சொன்னவர் அவர். தன் குழந்தை இறந்தபோது தாவீது "நான் அதினிடத்துக்குப் போவேனே" என்றான்.

எங்கள் பாட்டா கடைசிவரை இயேசுவை ஏற்கவில்லை, ஆனால் ஊரே மதித்த மனிதர். அவர் நரகத்திலா இருக்கிறார்?

உங்கள் பாட்டாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கோ எந்தப் போதகருக்கோ அதிகாரம் இல்லை. வேதம் இரண்டு காரியங்களை உறுதியாகச் சொல்கிறது. கிறிஸ்துவினாலேயன்றி வேறு வழியில் ஒருவரும் பிதாவினிடத்தில் வருவதில்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்ட தேவன் அநீதி செய்ய மாட்டார். முதலாவதை நான் மென்மையாக்க மாட்டேன். இரண்டாவதை விட்டுவிடவும் மாட்டேன். துக்க வீட்டில் நின்று இறந்தவரை நரகத்துக்கு அனுப்பிப் பிரசங்கிக்கிறவர்கள் தங்களுக்குக் கொடுக்கப்படாத நாற்காலியில் உட்காருகிறார்கள்.

தற்கொலை செய்துகொண்டவருக்குப் பரலோகம் இல்லை என்று சொல்கிறார்களே?

வேதத்தில் அப்படி ஒரு வசனம் இல்லை. உயிர் தேவனுடையது, அதை எடுக்க நமக்கு உரிமையில்லை என்பது உண்மை. ஆனால் மனநோயும் கடன் நெருக்கடியும் ஒருவரின் பார்வையை எவ்வளவு இருளாக்கும் என்பதைத் தேவன் நம்மைவிட அறிவார். "மரணமானாலும், ஜீவனானாலும்" தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது என்று பவுல் எழுதியபோது மரணத்தின் எந்த வகையையும் விலக்கவில்லை. உங்களுக்கே அப்படிப்பட்ட எண்ணம் வருகிறது என்றால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். 104 அல்லது 14416 என்ற அரசு உதவி எண்களில் எந்நேரமும் பேசலாம். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் ஆகாது.

எப்போதும் பாட்டும் துதியும் என்றால் சலித்துப்போகாதா?

"அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவிப்பார்கள்" என்றும், பூமியின் ராஜாக்கள் தங்கள் மகிமையையும் கனத்தையும் அந்த நகரத்துக்குள் கொண்டுவருவார்கள் என்றும் எழுதியிருக்கிறது. அங்கே வேலை உண்டு; களைப்பும் வீணும் இல்லை. சலிப்பு பாவம் நிறைந்த உலகத்தின் நோய்.

நம்பிக்கை இருந்தால் அழக் கூடாது என்கிறார்கள். அடக்க ஆராதனையில் நான் அழுததைச் சிலர் குறை சொன்னார்கள்.

இயேசு லாசருவின் கல்லறைக்குப் போகும்போது, இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று அறிந்தே போனார். ஆனாலும் கண்ணீர் விட்டார். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்டதே தவிர, துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதப்படவில்லை. மரணம் கடைசிச் சத்துரு என்று வேதம் சொல்கிறது. சத்துரு வந்து போன வீட்டில் அழுகை இருக்கும். உங்களைக் குறை சொன்னவர்களை மன்னித்துவிடுங்கள். அழுகை வந்தால் மறுபடியும் அழுங்கள்.

பரலோகத்தையே நினைத்துக்கொண்டிருந்தால் இங்குள்ள ஏழையை யார் பார்ப்பது?

இங்கே நம் மாவட்டத்தின் கதையே பதில் சொல்லும். பரலோகத்தைப் பிரசங்கிக்க வந்தவர்கள்தாம் 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறும் குழுவில் இருந்த டாக்டர் சோமர்வெல், லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய வாழ்வை விட்டு, அந்த மருத்துவமனையில் பல்லாண்டுகள் அறுவைச் சிகிச்சை செய்தார். நாகர்கோவிலில் மிஷனெரி மால்ட் அம்மையார் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலில் கிடைத்த கூலியால் அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கினார்கள்.

உயிர்த்தெழுதலைப் பற்றிய நீண்ட அதிகாரத்தைப் பவுல் முடிப்பது எப்படி என்று பாருங்கள்: "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராதென்று அறிந்து" உழையுங்கள் என்கிறார் (1 கொரிந்தியர் 15:58). கட்டிய பள்ளியும் கழுவிய புண்ணும் வீணாகாது என்று நம்புகிறவரால்தான் பலன் தெரியாத வேலையைத் தொடர முடியும்.

எல்லாம் சரி. நான் போவேனா என்று எனக்கு நிச்சயம் வரவில்லை. கன்வென்ஷன் என்ற நற்செய்திக் கூட்டத்தில் கையைத் தூக்கினபோது வந்தது, வீட்டுக்கு வந்ததும் போய்விடுகிறது.

அந்த உணர்வு வருவதும் போவதும் இயல்பு. உங்கள் உறக்கம், உடல்நலம், வீட்டுச் சண்டை எல்லாம் அதைப் பாதிக்கும். நிச்சயத்தை அந்த உணர்வில் தேடினால் ஒவ்வொரு ஆண்டும் கன்வென்ஷன் பந்தலுக்குள் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். தாயின் மறதியைப் பற்றிய பதிலை மறுபடி வாசியுங்கள். அது உங்களுக்கும் உரியது. ஆண்டவர் தம் ஆடுகளைப் பற்றி "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை" என்றார். பிடி அவருடையது.

நடைமுறையில் மூன்றைச் சொல்வேன். நிச்சயம் வராத நாளிலும் திருவிருந்துக்கு வாருங்கள். அங்கே அப்பம் உங்கள் கையில் வைக்கப்படுகிறது, உணர்வைக் கேட்டுக் கொடுக்கப்படுவதில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் உங்கள் பெயர் எழுதப்பட்ட நாளைச் சபை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால், பிள்ளையின் நோய்க்காக வந்த தகப்பன் கண்ணீரோடு சொன்னதைச் சொல்லுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அந்த அரைகுறை விசுவாசத்தைக் கேட்டுத்தான் அவர் அந்தப் பிள்ளையைக் கைப்பிடித்துத் தூக்கினார்.